கதவுக்காரி

டார்சி ப்ரெபிச் கல்லூரி அணிக்காக நான்கு வருடம் ஐஸ் ஹாக்கி ஆடினாள் என்று யாராவது சொன்னால், அதில் 'ஆடினாள்' என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. கல்லூரி உண்மை, அணி உண்மை, நான்கு வருடமும் உண்மை. அவள் செய்தது கதவு திறக்கும் வேலை.

இதை முதலில் சொல்லிச் சிரிப்பவள் டார்சியேதான். அடுத்தவர் சொல்லிச் சிரிப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவள் பள்ளிக்கூட நாளிலேயே கண்டுபிடித்த வைத்தியம். மீதிப் பாதிக்கு மருந்து கிடையாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செயின்ட் வால்பர்கா கல்லூரியின் பெண்கள் அணியில் மூன்று கோல்கீப்பர்கள் இருந்தார்கள். முதலாவது ஜோசி. ஆட்டமெல்லாம் அவளுக்கே. ஜோசிக்கு உடம்பு சரியில்லாவிட்டால் நிற்பதற்கு முதலாண்டுப் பெண் ஒருத்தி. அந்த இருவருக்கும் ஒரே நாளில் இடி விழுந்தால் டார்சி. நான்கு வருடத்தில் இடி விழவில்லை. சிறு பிள்ளைகள் விளையாடும்போது எந்தக் கட்சியிலும் சேராமல் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு குழந்தை ஓடுமே, அதற்குக்கூட ஓட அனுமதி உண்டு. டார்சிக்கு அதுவும் இல்லை.

ஐஸ் ஹாக்கியில் ஒருத்தி முக்கால் நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றால் நாக்குத் தள்ளிவிடும். ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சுக்கு முன்னால் இடுப்பளவுப் பலகை வேலி. துடிப்பானவர்கள் அதை எகிறிக் குதிப்பார்கள்; களைத்து வருகிறவர்களும் குட்டையானவர்களும் கதவு வழியாக வருவார்கள், போவார்கள். அந்தக் கதவைத் திறந்து மூடுவது ஆடாத கோல்கீப்பரின் வேலை. அதற்காக டார்சி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலையணை கட்டியது போன்ற பேடுகளைக் கால்களில் கட்டி, மார்புக் கவசம் மாட்டி, முகமூடியைத் தலைமேல் ஏற்றி, பதினெட்டுக் கிலோ சுமையோடு வந்து நிற்பாள். ஒரு கதவைத் திறக்க இத்தனை அலங்காரம் செய்துகொள்கிறவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று சொல்வாள்.

பிறகு ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்டால், "டிக்கெட் எடுக்காம ஆட்டம் பாக்க அதைவிட நல்ல இடம் ஏது?" என்பாள். உண்மையான பதில் வேறு. கல்லூரி விளையாட்டுத் துறையில் தடித்த பதிவேடு ஒன்று இருந்தது. அணி தொடங்கிய நாளிலிருந்து களத்தில் இறங்கிய ஒவ்வொருத்தியின் பெயரும் அதில் உண்டு. ஒரே ஒரு நொடி ஆடியிருந்தாலும் போதும், ஒரு வரி கிடைக்கும். ஆடாதவளுக்கு வரி கிடையாது. நான்கு வருடம் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, பயிற்சியில் தினம் நூறு அடி வாங்கி, கடைசியில் அப்படி ஒருத்தி இருந்ததாகவே காகிதத்தில் இல்லாமல் போவதா? அந்த ஒரு வரிக்காகத்தான் நின்றாள். கேட்டால் வெட்கக்கேடு என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அப்பா ஸ்டான், வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள இரும்புச் சுரங்க ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சொந்த அரங்கில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்துவிடுவார். வீட்டில் சுட்ட பொத்தீட்சாவை, அக்ரூட் பருப்பு அரைத்துச் சுருட்டிய அந்த ரொட்டியை, வெள்ளித் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருப்பார். மற்ற பெற்றோர்கள் கோல் வலை தெரிகிற இடமாகத் தேடி உட்காருவார்கள். ஸ்டான் பெஞ்சுக்கு நேர் எதிரே உட்காருவார், அங்கிருந்துதான் கதவு தெரியும். ஆட்டம் முடிந்ததும் மகளிடம் வந்து, "இன்னைக்குக் கதவு நல்லா திறந்தே, கண்ணு" என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. கேலியா, பாராட்டா என்று இன்றுவரை டார்சிக்குப் பிடிபடவில்லை. "எண்ணெய் போட்டு வெச்சிருந்தேன்ப்பா" என்று இவளும் சொல்லிவைப்பாள்.

அந்த வருடத்து ஆட்டக்காலத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்ள அதிகமில்லை. அணிக்கு லூன்கள் என்று பெயர். லூன் அந்த ஏரிகளின் பறவை; நீரில் ராணி மாதிரி மிதக்கும், தரையில் நாலடி வைத்தால் குப்புற விழும். யாரோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான்காவது ஆட்டத்துக்குப் போகும் வழியில் பேருந்தின் ஹீட்டர் செத்து, எல்லாரும் ஹாக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்துவிடவே, அடுத்த நாலு பயணத்துக்கும் ஹீட்டரை வேண்டுமென்றே அணைத்து வைத்தார்கள். ஜனவரியில் காய்ச்சல் வந்து பாதி அணி படுத்தது. ஜோசியும் படுத்தாள். முதலாண்டுப் பெண்ணுக்கும் லேசாகத் தொண்டை கரகரத்தது. டார்சி இரண்டு நாள் அந்தத் தொண்டையை மிகுந்த அக்கறையோடு விசாரித்தாள். மூன்றாம் நாள் அது சரியாகிவிட்டது.

ஆனால் அந்த வருடத்தில் எல்லாருக்கும் நினைவிருந்தது நவம்பர் மாதத்து ஆட்டம்தான். சொந்த அரங்கில், பிர்ச் லேக் கல்லூரியோடு ஆட்டம். ஆளுக்கொரு கோல், முடிய இரண்டு நிமிடம். களத்தில் இருந்த பிரினின் மட்டை உடைந்தது. பிரின், டார்சியின் அறைத்தோழி, நாலு வருடச் சிநேகிதி. உடைந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேறு மட்டை வாங்கிக்கொள்ளப் பெஞ்சை நோக்கி வேகமாக வந்தாள். டார்சி பார்த்தது பிரின் வருவதை மட்டும்தான். ஆயிரம் தடவை செய்தபடி கதவைத் திறந்து, "போ" என்றாள். பிரினுக்கு மாற்றாக நின்ற லேனி பறந்தாள். லேனி மூன்றாம் ஆண்டு, அணியின் நட்சத்திரம், ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வேலியை எகிறத் தெரியாது, கதவுதான் அவள் வழி. பிரின் வேலிக்கு மேலாகப் புது மட்டையை வாங்கித் திரும்பினாள். கோல்கீப்பர் போகக் களத்தில் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். நடுவர் கையை உயர்த்தினார். தண்டனையாக ஓர் ஆள் குறைவு, அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கோல், தோல்வி.

மறுநாள் டார்சியின் அறைக்கதவில் 'மெதுவாகத் திறக்கவும்' என்று யாரோ அட்டை ஒட்டியிருந்தார்கள். அவள் அதைக் கிழிக்கவில்லை. கீழே 'அனுபவசாலி தேவை' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்த அன்றே ஸ்டான் மட்டும் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பொத்தீட்சாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மௌனம்தான் அவளை வாரக்கணக்கில் அரித்தது.

விதி எப்போதும் நம் காலடியில்தான் வாழைப்பழத் தோலைப் போடும். பிப்ரவரியில் கடைசி ஆட்டம், சொந்த அரங்கில், அதே பிர்ச் லேக்கோடு வந்து நின்றது. ஜெயித்தால் அடுத்த சுற்று. சமன் ஆனால்கூட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நவம்பரில் அந்த ஒரு புள்ளி கிடைத்திருந்தால் இப்போது இந்தப் பாடு இல்லை. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டார்கள், லேனியைத் தவிர.

"ப்ரெப்பி, உன் கதவால நாங்க இப்ப உயிரைக் குடுத்து ஆடணும்."

"நீங்க உயிரைக் குடுங்க. நான் வழி விடுறேன்" என்றாள் டார்சி.

கடைசிச் சொந்த ஆட்டம் சீனியர் நாள். படிப்பை முடித்துப் போகிறவர்களைப் பெற்றோரோடு களத்துக்கு நடுவில் நிறுத்திப் பூங்கொத்துக் கொடுப்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. அன்று ஆட்டத்தைத் தொடங்குவது நாலாம் ஆண்டுக்காரர்கள்தான். பெஞ்சிலேயே காலம் தள்ளியவளானாலும் ஆட்டத்தை நிறுத்தும் முதல் விசில் அடிக்கும்வரை களம் அவளுடையது.

கோச் ஹால்வர்சன் டார்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். ஐம்பது வயதுக்காரி, ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரி, பேசும்போது பற்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு சூயிங்கம் சிக்கிக்கிடக்கும்.

"வழக்கத்தை நான் மாத்த மாட்டேன். நீதான் ஆரம்பிக்கிறே. ஆனா இன்னைக்கு ஜெயிச்சாகணும். புரியுதா?"

"புரியுது, கோச்."

"பக் உன்கிட்ட வந்தா என்ன செய்வே?"

"அமுக்கிப் பிடிப்பேன்."

"பிடிச்சா?"

"விசில் அடிப்பாங்க."

"அடிச்சா?"

"கதவுகிட்ட வந்துடுவேன்."

"நல்ல பொண்ணு. ஜோசி உள்ள போயிடுவா. எல்லாருக்கும் சந்தோஷம்."

பக் என்பது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை. கோல்கீப்பர் அதைக் கையுறைக்கடியில் அமுக்கிவிட்டால் ஆட்டம் நிற்கும். போன வருடம் ஒருத்தி ஐந்தாவது நொடியில் அமுக்கிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். பதிவேட்டில் அவளுக்கு ஐந்து நொடி. டார்சிக்கு ஐந்து நொடியே போதும் என்றுதான் அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது தோன்றியது. பேராசை பிறகுதான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். ஸ்டான் ஒரே ஒரு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து மகளின் கையைப் பிடித்துக் கம்பளத்தில் நடந்தார்.

உடைமாற்றும் அறையில் ஜோசி வந்து, "நீ உள்ள நிக்கிற வரைக்கும் கதவை நான் பாத்துக்கணுமாம். என்ன செய்யணும்?" என்று கேட்டாள். வாழ்நாளில் யாரும் டார்சியிடம் கேட்காத கேள்வி. அவள் பத்து நிமிடம் பாடம் எடுத்தாள். தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தள்ளுவது, முழங்காலில் படாமல் எப்படி இழுப்பது, வேலியோரம் பக் வரும்போது ஏன் திறக்கவே கூடாது.

"ஒருத்தி வர்றாளேன்னு உடனே அடுத்தவளை அனுப்பிடாதே. அவ கையைப் பாரு. கையில மட்டை இருந்தா மாறுறதுக்கு வர்றா. வெறுங்கையா இருந்தா மட்டைக்காக வர்றா. நவம்பர்ல நான் காலை மட்டும்தான் பாத்தேன்."

"இதுக்கு இவ்வளவு இருக்கா?" என்றாள் ஜோசி.

மூலையில் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த லேனி நிமிராமலே சொன்னாள். "ப்ரெப்பி, கோல் வலையில கதவு கிடையாது. பழக்க தோஷத்துல தேடிட்டு நிக்காதே."

"இருந்தா உனக்குத்தான் முதல்ல மூடுவேன்" என்றாள் டார்சி. அப்போது இருவருக்குமே அது வெறும் பேச்சு.

களத்தில் இறங்கி வலைக்கு முன்னால் நின்றதும் அவளுக்கு முதலில் உறைத்தது, இங்கிருந்து பெஞ்சு எவ்வளவு தூரம் என்பது. நான்கு வருடம் அங்கிருந்து இந்த வலையைப் பார்த்திருக்கிறாள். இங்கிருந்து அந்தக் கதவைப் பார்த்ததில்லை. கதவோரம் ஜோசி, கல்யாண வீட்டில் தெரியாத விருந்தாளி போல, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

நடுவர் பக்கைப் போட்டார். பதினோராவது நொடியில் பிர்ச் லேக்காரி ஒருத்தி நடுக்களத்திலிருந்து அதைச் சும்மா தள்ளிவிட்டாள். அது ஆடி அசைந்து, ஓய்வு பெறப்போகும் தபால்காரர் மாதிரி நேராக டார்சியிடம் வந்தது. குனிந்து கையுறையை வைத்தால் போதும். விசில், கைத்தட்டல், பதிவேட்டில் ஒரு வரி. எல்லாருக்கும் சந்தோஷம்.

கை போகவில்லை. பதினொரு நொடிக்காகவா நாலு வருஷம் என்று உள்ளே யாரோ கேட்டார்கள். மட்டையால் பக்கைப் பக்கவாட்டில் நின்ற பிரினுக்குத் தள்ளிவிட்டாள். ஆட்டம் ஓடியது.

"அமுக்கு" என்று பெஞ்சிலிருந்து கோச்சின் குரல் வந்தது. டார்சி கேட்காதவள் போல முகமூடியைச் சரிசெய்துகொண்டாள். நான்கு வருடத்தில் அவள் கோச்சின் பேச்சை மீறியதே இல்லை. மீறுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால்தானே.

ஒன்றேகால் நிமிடம் ஆனபோது தூரத்திலிருந்து ஓர் அடி வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. இடது பேடில் 'தப்' என்று சத்தம் கேட்டது, அரங்கம் எழுந்து ஆரவாரித்தது, தான் தடுத்திருக்கிறோம் என்று அதிலிருந்து ஊகித்துக்கொண்டாள். பக் காலடியில் கிடந்தது. இப்போதாவது அமுக்கலாம். மூலைக்கு உதைத்துவிட்டாள்.

"அமுக்குடி" என்றாள் கோச். குரலில் சூயிங்கம் இல்லை, விழுங்கியிருக்க வேண்டும்.

ஆட்டம் அந்தக் கோடிக்குப் போயிற்று, திரும்பி வந்தது. கடிகாரம் இரண்டு நிமிடம் தாண்டியது. அப்போதுதான் டார்சிக்குத் தலை கனத்தது. இவ்வளவுதானா இந்த வேலை, இதற்கா என்னை நாலு வருடம் உட்காரவைத்தார்கள், கோச்சுக்கே ஆட்டம் தெரியாது போலிருக்கிறதே என்றெல்லாம் தோன்றியது. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியிலும் குடை பிடிப்பானாம். டார்சி பட்டப்பகலில் குடையை விரித்தாள். வலைக்குப் பின்னால் போன பக்கை எடுக்கப் பெரிய கைகாரி போலத் தன் இடத்தை விட்டு வெளியே போய், யாருக்கோ அழகாகத் தள்ளிக் கொடுத்தாள். வாங்கியவள் பிர்ச் லேக்காரி.

காலி வலை. அவள் அடித்தாள். டார்சி பதினெட்டுக் கிலோவையும் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடியது வீண். பக் இரும்புக் கம்பத்தில் 'டங்' என்று மோதி வெளியே தெறித்தது. தான் செய்துகொண்டிருப்பது என்ன என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நவம்பரில் செய்தது கவனப்பிசகு. இது திருட்டு.

பிர்ச் லேக் விடவில்லை. பக் நம் வலையைச் சுற்றியே சுழன்றது. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களால் பெஞ்சுக்குப் போய் ஆள் மாற முடியவில்லை. முக்கால் நிமிடம் ஓட வேண்டிய பிரின் இரண்டு நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தாள். வலைக்கு வந்த ஓர் அடியைத் தடுக்கக் குறுக்கே காலை நீட்டி விழுந்தாள். கணுக்காலில் பட்டது. எழுந்திருக்கப் பார்த்து ஒரு முழங்காலில் நின்றாள். முகமூடிக் கம்பிக்குள்ளிருந்து அவள் மூச்சு இரைவது டார்சிக்குக் கேட்டது.

"ப்ரெப்பி, அமுக்குடி. உன்னைக் கும்புடுறேன்."

அடுத்த அடி டார்சியின் மார்பில் விழுந்தது. பக் தொப்பென்று முன்னால் கிடந்தது. மட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் மூலைக்குப் போய்விடும், இன்னும் அரை நிமிடம் கிடைக்கும். பிரின் எழுந்திருக்கவில்லை. டார்சி முழங்காலிட்டு, கையுறையை அதன்மேல் வைத்து, கையுறையின்மேல் தானே படுத்துக்கொண்டாள்.

விசில் அடித்தது. கடிகாரத்தில் மூன்று நிமிடம் பதினெட்டு நொடி.

நடுவர் வந்து நின்றார். மீசைக்காரர், வார நாட்களில் எங்கோ பள்ளியில் பூகோள வாத்தியார். நவம்பரில் கை உயர்த்தியவரும் அவர்தான்.

"எழுந்திரும்மா. பக்கைக் குடு."

"ஒரு நிமிஷம் சார்."

"அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது." குனிந்து உற்றுப் பார்த்தார். "கதவுகிட்ட நிக்கிற பொண்ணு நீதானே?"

"ஆமா சார். இப்ப அங்கதான் போறேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் பெஞ்சை நோக்கிப் போனாள். ஜோசி கதவைத் திறந்தாள், முழங்காலில் இடித்தது. ஜோசி வலைக்குப் போனதும் கோச் பக்கத்தில் வந்தாள்.

"அமுக்குறதுக்கு மூணு நிமிஷமா?"

"கை விறைச்சுப் போச்சு, கோச்."

"கையா?" கோச் அவளை ஒரு கணம் பார்த்தாள். "என்னோட கடைசி ஆட்டத்துல எனக்கும் விறைச்சுது. நில்லு போ, கதவுகிட்ட."

இரண்டாம் பகுதியில் லேனி ஒரு கோல் போட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஜோசி முப்பது அடிகளைத் தடுத்ததைத் தவிர. டார்சி கதவைத் திறந்தாள், மூடினாள். பிரின் கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

கடைசி நிமிடம் வந்தது. பிர்ச் லேக் தங்கள் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆறு பேராக மொய்த்தார்கள். ஒரு கோல் போனால் சமன், சமன் என்றால் எல்லாம் முடிந்தது. முப்பத்தைந்து நொடி இருக்கும்போது நம்மவள் ஒருத்தி தடுமாறிக்கொண்டே கதவு வழியாக உள்ளே வந்து விழுந்தாள், அவளுக்கு மாற்றாக ஒருத்தி வேலியை எகிறிப் போனாள். கதவு இன்னும் திறந்திருந்தது. சரியாக அந்த நேரத்தில் நடுக்களத்திலிருந்து பிரின் பெஞ்சை நோக்கி வந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் யாரும் அவள் மாறத்தான் வருகிறாள் என்பார்கள். லேனி அப்படித்தான் நினைத்தாள். திறந்த கதவைப் பார்த்துப் பாய்ந்தாள்.

டார்சி பிரினின் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

யோசிக்க நேரமில்லை. இடது காலைத் தூக்கிக் கதவு வழியின் குறுக்கே நீட்டினாள். லேனி வந்த வேகத்தில் அந்தப் பேடில் மோதி, பின்னால் சரிந்து, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"விடுடி, பைத்தியமே, அவ மாறுறா" என்று கத்தினாள்.

"மட்டை" என்றாள் டார்சி. ஒரு கையால் மட்டை வரிசையில் சாய்ந்திருந்த பிரினின் மாற்று மட்டையை உருவி வேலிக்கு மேலே நீட்டினாள். பிரின் அதைப் பறித்துக்கொண்டு திரும்பினாள். அதே நொடி பக் துள்ளிவந்து கதவுக்கு ஓரடி தூரத்தில் உரசிக்கொண்டு போயிற்று. மீசைக்காரர் அதன் பின்னாலேயே வந்தார். அவர் கை பாதி உயர்ந்திருந்தது. உதடுகள் எண்ணின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு இல்லை. கையை இறக்கினார். போகிற போக்கில் குறுக்கே நீட்டியிருந்த காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். டார்சி காலை எடுத்துக்கொண்டு கதவை மூடினாள்.

மணி அடித்தபோது எல்லாரும் வேலியைத் தாண்டி ஜோசியின்மேல் குவிந்தார்கள். லேனி மட்டும் கதவு வழியாகத்தான் போக வேண்டும். அவள் டார்சியின் முன்னால் நின்றாள்.

"விலா எலும்பு போயிடுச்சு, தெரியுமா?"

"மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பு யார் கேட்டா? திறடி, போகணும்" என்றாள் லேனி. போகிற வழியில் டார்சியின் தலைமேல் ஓங்கி ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். லேனியிடமிருந்து அது பெரிய மரியாதை.

அறிவிப்பு மேசையில் ஆட்டக் குறிப்பை அச்சடித்துக் கொடுத்தார்கள். ப்ரெபிச், டார்சி: 3 நிமிடம் 18 நொடி, தடுத்தவை 3. அவள் அதை நாலு தடவை வாசித்தாள். தான் அமுக்காமல் திருடிய மூன்று நிமிடமும் அதில் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் கதவில் தடுத்தது அதில் இல்லை. அதற்குப் பதிவேட்டில் கட்டமும் இல்லை.

வெளியே வந்தபோது ஸ்டான் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். பனி விழுந்துகொண்டிருந்தது. நல்ல கோட்டின் தோளெல்லாம் வெள்ளை. அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டு வாசித்து, மடித்து, கேட்காமலே தன் பையில் வைத்துக்கொண்டார்.

"எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாள். கேலியில்லாமல் அப்பாவிடம் ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தரையைப் பார்த்தார். "நான் பாக்கலை, கண்ணு."

"என்னப்பா சொல்றீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டேன். நீ போய் நின்னதும் மூடினவன்தான். விசில் அடிச்சப்புறம்தான் திறந்தேன். பக்கத்துல இருந்த அம்மாதான் சொல்லிச்சு, கோல் போகலைன்னு."

டார்சிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "நாலு வருஷம் வந்தீங்களே. அந்த மூணு நிமிஷத்தைப் பாக்கத்தானே வந்தீங்க?"

"அதுக்கா வந்தேன்? நான் உன்னைப் பாக்க வந்தேன். நீ கதவுகிட்டதானே நின்னே." ஸ்டான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில அந்தக் குட்டைப் பொண்ணு பாய வந்துச்சே, காலைக் குறுக்கால போட்டியே, அதைப் பாத்தேன். ஊரே பக்கைப் பாத்துக்கிட்டு இருந்தது. நான் ஒருத்தன்தான் கதவைப் பாத்தேன்."

அவர் கக்கத்திலிருந்த வெள்ளித் தாளைப் பிரித்து நீட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னைக்குக் கதவு நல்லா மூடினே, கண்ணு."

டார்சி பொத்தீட்சாவில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே தின்றாள்.